சமைத்தவருக்கு இலை இல்லை

கிழக்கு லண்டனின் பிரிக் லேன் தெருவில் 2000களின் நடுவில் 60 வங்கதேச உணவகங்கள் இருந்தன. இன சமத்துவ ஆய்வு அமைப்பான ரன்னிமீட் அறக்கட்டளையின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி எஞ்சியவை 23. தெருவில் கூட்டம் மட்டும் குறையவில்லை. காலை உணவுத் தானியத்தைக் கிண்ணத்தில் கொட்டிப் பாலூற்றி விற்பதற்கென்றே 2014இல் அங்கே ஒரு கடை திறந்தது. சில ஆண்டுகள் ஓடவும் செய்தது.

வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்த குடும்பங்கள், வசதி படைத்தவர் எட்டிப்பார்க்காத வீடுகளில் அங்கே குடியேறின. தையற்கூடங்களில் உழைத்தன, அத்தொழில் நலிந்தபோது அடுப்பை நம்பின. இனவெறித் தாக்குதல் அன்றாடமாயிருந்த காலம் அது. 1978 மே 4 அன்று, வேலை முடிந்து திரும்பிய அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி கொல்லப்பட்டார். அவரது சவப்பெட்டியின் பின்னே ஏறத்தாழ 7,000 பேர் பிரதமர் இல்லம்வரை நடந்தார்கள். இன்று அங்கே இரவில் அச்சமின்றிச் சாப்பிட்டுவிட்டு உலவ முடிகிறது என்றால், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அத்தெரு அமைந்த டவர் ஹாம்லெட்ஸ் நகராட்சி இந்த வரலாற்றை நன்கறியும். 1997இல் வளைவு எழுப்பி, ‘பங்களாடவுன்’ என்று பெயர் சூட்டிச் சுற்றுலாப் பயணிகளை அழைத்தது. அதே நகராட்சிதான் 2021இல், 7,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்களை மீறி, பழைய ட்ரூமன் மதுவடிப்பாலை வளாகத்தில் கடைகளும் அலுவலகங்களும் கட்ட அனுமதித்தது. குடியேறிகளின் பெயரால் தெருவுக்கு மதிப்பேற்றிவிட்டு, அந்த மதிப்பின் பலனை நில உடைமையாளர்களிடம் ஒப்படைப்பது நேர்மையற்ற செயல் என்றே நாம் கருதுகிறோம்.

உணவகங்கள் மூடப்பட்டதற்கு, நில மதிப்போடு சேர்ந்து ஏறிய வாடகை மட்டும் காரணமல்ல. உரிமையாளர்களின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போனார்கள். அதில் வருந்த ஏதுமில்லை. வெளிநாட்டுச் சமையற்காரருக்கு ஒரு கட்டத்தில் 29,570 பவுண்டு ஆண்டுச் சம்பளத்தை நிபந்தனையாக்கிய பிரிட்டிஷ் அரசும் பொறுப்பேற்க வேண்டும். ஆனால், எல்லாம் சந்தையின் போக்கு என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. இங்கிலாந்தில் கடை வாடகைக்கு உச்சவரம்பு இல்லை என்பது நாடாளுமன்றத்தின் தேர்வு. கட்டட அனுமதி, வாக்களிக்கும் நகராட்சி உறுப்பினர்களின் தீர்மானம்.

அங்கே உண்ணப் போகிறவரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. பழமையின் வாசனைக்காக அத்தெருவைத் தேடி வந்து, பழைய கடையைத் தாண்டிப் புதிய கடைக்குள் நுழைகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். நகராட்சியிடம் நாம் கேட்பது வேறு. இனி அனுமதி கோரும் ஒவ்வொரு திட்டத்திலும், ஏற்கெனவே தொழில் நடத்துவோருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில், நீண்ட காலக் குத்தகையில் இடம் ஒதுக்குவதை நிபந்தனையாக எழுத வேண்டும். அதை எழுத மறுத்தால், ‘பங்களாடவுன்’ என்று சொல்லி விருந்தினரை அழைக்கும் உரிமை அந்த நகராட்சிக்கு இல்லை.