சென்ற் குப்பிக்குள்ள இருக்கிற தோல்

போன மாசம் ஒரு கடையில 2 மில்லி மாதிரிக் குப்பி ஒண்டு வாங்கினன். ஆண்களுக்கான சென்ற், தோலும் ரோசாவும் கலந்தது. உண்மையைச் சொன்னால் நல்லாப் பிடிச்சுப் போச்சு. முதல்ல புகை மாதிரி ஒரு கசப்பு, பிறகு அதுக்குள்ளயிருந்து மெதுவாக ரோசா. வகுப்பில ஒருத்தன் "இது பொம்பிளையளின்ர மணமெல்லோ" எண்டான். அம்மா மணந்து பார்த்திட்டு, "கலியாண வீட்டு வாசலில பன்னீர் தெளிச்ச மாதிரிக் கிடக்கு" எண்டு சொன்னா.

அம்மா சொன்னதில விசயம் இருக்கு. பன்னீர்ச் செம்பு ஆண், பெண் பார்க்கிறதில்லை. அரபு நாடுகளிலயும் வட இந்தியாவிலயும் ஆண்கள் ரோசா அத்தர் பூசுறது பழைய வழக்கம். ரோசாவைப் பெண்களுக்கெண்டு ஒதுக்கினது பெரும்பாலும் மேற்கத்தேயச் சந்தைதான். இப்ப அதே சந்தை பக்கத்தில தோலை வைச்சு, "பயப்பிடாதே, இது ஆம்பிளைச் சாமான்" எண்டு திரும்ப விற்குது.

ஆனால் எனக்குக் கரைச்சல் தந்தது ரோசா இல்லை. அந்தக் குப்பிக்குள்ள தோலே இல்லை! தோல் வாசனை எண்டு விற்கிறது வழக்கமாக பேர்ச் மரப்பட்டைத் தார், ஐசோபியூட்டைல் குயினோலின் போன்றவற்றால் கட்டின மணம். குதிரைச் சேணம், பழைய கார், நூலகத்துச் சாய்கதிரை எண்டு பணக்கார நினைவுகளைக் கிளப்பத்தான் அது. தோல் பதனிடுற இடம் அப்பிடி மணக்காது. மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவினம். வாறது அழுகின முட்டை நாத்தம். பிரான்சின் கிராஸ் நகரம் வாசனைத் தொழிலுக்குள்ள வந்ததே, கையுறைத் தோலின்ர நாத்தத்தை மறைக்கப் பூ மணம் ஏத்தினதாலதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலயிருந்து ஏற்றுமதித் தோல் போகுது. அந்தக் கழிவால பாலாறு கெட்டதைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு 10 பேர் செத்தவை. மேற்கு வங்கத்திலயிருந்து வேலைக்கு வந்து, அங்கயே படுத்திருந்த தொழிலாளரும் அதில அடக்கம்.

தோலைத் தொட்டவனை "நாறுறான்" எண்டு ஊருக்கு வெளிய வைச்ச சாதிச் சமூகம், இப்ப தோல் வாசனையை மணிக்கட்டில பூசிக்கொண்டு விருந்துக்குப் போகுது. நானும்தான். எங்கட வீட்டில என்ன சாதி எண்டு ஒருத்தரும் சத்தமாச் சொன்னதில்லை. சொல்லத் தேவையே வராத சாதி எண்டது எனக்கு விளங்கவே இருபது வயசு தாண்டீட்டுது.

குப்பியை எறியச் சொல்லி நான் கேக்கேல்லை. நான் எறிஞ்சால் ஆம்பூரில ஒருத்தருக்கும் ஒரு ரூபா கூலி கூடாது. நான் கேக்கிறது வேறை: திண்டுக்கல் தோல் தொழிலாளர் சங்கம் கட்டின கதையை டி. செல்வராஜ் 'தோல்' எண்டு நாவலாக எழுதினவர். 2012இல சாகித்திய அகாதமி விருதும் கிடைச்சது. அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு அதை எடுப்பம். தமிழ் வாசிக்கச் சிரமப்படுறவைக்கு நான் சத்தமா வாசிக்கிறன். பிரதி ஒண்டு என்னட்டை இருக்கு.