வாயில் எவர் கையில்?

ஒரு வீட்டின் காப்பு அதன் சுவரின் பருமையால் மட்டும் அமைவதன்று. வாயில்கள் எத்தனை, அவை எத்திசை நோக்கித் திறக்கின்றன, திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பவற்றாலும் அமைவது. இவ்வெளிய உண்மையைக் கணினித் துறையினர் பலர் மறந்து வருகின்றனர். கணினிக்குள் கணினியாக இயங்கும் மெய்நிகர் கணினிகளை நொடிப்பொழுதில் ஆக்கிவிடுகின்றனர்; அவற்றின் வாயிலை வகுக்கும் பொறுப்பையோ, மென்பொருளைச் செய்து விற்றவரிடமே விட்டுவிடுகின்றனர்.

மெய்நிகர் கணினி நேற்றுத் தோன்றியதன்று. 1972-இலேயே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்கென வி.எம்.370 என்னும் அமைப்பை வெளியிட்டது. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் அதனை மேசைக் கணினிக்குக் கொணர்ந்தது. 2007-இல் கே.வி.எம். என்னும் பகுதி லினக்சு இயங்குதளத்தின் கருவிலேயே இடம்பெற்றது. இன்று வைப்பகமும் மருத்துவமனையும் அரசு அலுவலகமும் நம்பியிருக்கும் வழங்கிகளுள் மிகப் பல, ஒரு தாய்க்கணினியின் நினைவகத்தில் குடியிருக்கும் சேய்க்கணினிகளே.

இச்சேய்க்கணினிக்கு உடலில்லை, ஆதலின் அதன் வலை இடைமுகத்திற்கும் உடலில்லை. செம்புக்கம்பியும் இல்லை, செருகும் துளையும் இல்லை. எனினும், உள்ளே இயங்கும் இயங்குதளம் அதனை மெய்யான வலையட்டை என்றே கொள்கின்றது. மெய்யான அட்டைக்குரிய 48 இரும இலக்க வன்பொருள் முகவரியும் அதற்குண்டு. அவ்வட்டையினின்று புறப்படும் தரவுப் பொதி எங்குச் செல்லும், எவர் அதனை அணுகலாம் என்பனவற்றைத் தாய்க்கணினியில் செய்யும் அமைப்பே முடிவு செய்கின்றது.

அவ்வமைப்பில் தலையாய முறைகள் மூன்று. முதலாவது பாலம். இம்முறையில் சேய்க்கணினி, தாய்க்கணினிக்கு ஒப்பாக அலுவலக வலையமைப்பிலேயே தனித்து நிற்கும். தனக்கென முகவரி பெறும். அவ்வலையமைப்பிலுள்ள எவரும் அதன் கதவைத் தட்டலாம். இரண்டாவது முகவரி மாற்றம். சேய்க்கணினி தாயின் பின் மறைந்து நின்று, தாயின் முகவரியாலேயே வெளியுலகோடு பேசும். குறித்த துறையெண்ணைத் திறந்துவிட்டாலன்றி வெளியார் தாமாக உட்புக இயலாது. லிப்வர்ட் என்னும் மேலாண்மை மென்பொருள் தரும் 192.168.122 என்னும் முகவரி வரிசையும், வெர்ச்சுவல்பாக்சு தரும் 10.0.2.15 என்னும் முகவரியும் இம்முறையைச் சார்ந்தனவே. மூன்றாவது அகவலை. இதில் தாயும் உடன்பிறந்த சேய்களும் தமக்குள் பேசலாம். வெளியுலகிற்கு வழியே இல்லை.

இம்மூன்றனுள் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்னும் வினாவே பிழையானது. எப்பணிக்கு எது உரியது என்பதே வினா. மக்கள் பலரும் அணுக வேண்டிய வலைத்தள வழங்கிக்குப் பாலம் பொருந்தும். ஒருநாள் வெள்ளோட்டத்திற்கு முகவரி மாற்றம் போதும். மக்களின் கணக்கையும் நோயாளரின் குறிப்பையும் காக்கும் தரவுத்தளத்திற்கு அகவலையே தக்கது. ஒரு சேய்க்கணினிக்கு இடைமுகம் ஒன்றே இருத்தல் வேண்டும் என்னும் வரையறையும் இல்லை. முன்நிற்கும் வழங்கிக்கு வெளிநோக்கி ஒன்றும் உள்நோக்கி ஒன்றுமாக இரண்டு இடைமுகங்கள் அமைத்துத் தரவுத்தளத்திற்கு உள்நோக்கியதை மட்டும் அமைப்பின், வெளியார் தரவுத்தளத்தை நேரே தொடுதல் இயலாது. ஆயின், முன்நிற்கும் வழங்கி ஒருபுறத்துப் பொதியை மறுபுறத்திற்குக் கடத்தாதவாறும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். இன்றேல் காவலனே வழிகாட்டியாகிவிடுவான்.

நடைமுறையில் நிகழ்வதோ வேறு. தொடர்பு கிட்டவில்லை என்றவுடன் பாலத்தை இட்டுவிடுகின்றனர். தொடர்பு கிட்டியதும் அதனை மறந்துவிடுகின்றனர். எளிய கடவுச்சொல்லோடு ஒருநாள் ஆய்வுக்கென ஆக்கிய கணினி, ஓராண்டுக்குப் பின்னும் அலுவலகம் முழுமைக்கும் திறந்தே கிடக்கின்றது.

மென்பொருள் தானாகவே தரும் இயல்பமைவை நம்பி இருந்துவிடலாம் என்பார்க்கு 2018 நவம்பரில் ஒரு பாடம் கிடைத்தது. வெர்ச்சுவல்பாக்சு இயல்பாகத் தந்த வலையட்டை, இன்டெல் நிறுவனத்தின் அட்டையொன்றைப் போன்று நடிப்பது. அது இயல்பாகத் தந்த முறை முகவரி மாற்றம். இவ்விரண்டும் கூடிய அமைப்பில், சேய்க்கணினியில் முழு ஆட்சியுரிமை பெற்ற ஒருவர் சுவரைத் துளைத்துத் தாய்க்கணினிக்குள் புகக்கூடிய பிழையொன்று இருந்தமையை ஆய்வாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். திருத்தம் வரும்வரை வேறு வகை அட்டைக்கு மாறுக, இயலாவிடின் முறையையேனும் மாற்றுக என்பது அவர் கூறிய வழி. தம் கணினியில் எவ்வட்டை உள்ளது, எம்முறை உள்ளது என்று அறிந்தோர் அன்றே மாறிக்கொள்ள முடிந்தது. அறியாதோர்க்குத் தாம் இடரில் இருப்பதே தெரியாது. முகவரி மாற்றம் தீயது என்பதன்று இதன் பொருள். தெரிந்து தேர்ந்ததற்கும் தெரியாது ஏற்றதற்கும் உள்ள வேறுபாடே இதன் பொருள்.

வேறொரு கவனக்குறைவும் உண்டு. சேய்க்கணினியைப் படியெடுக்கும்போது அதன் வன்பொருள் முகவரியையும் அவ்வாறே படியெடுத்துவிடுவோர் உளர். ஒரே வலையமைப்பில் ஒரே முகவரியுடன் இருவர் நிற்பின், பொதி ஒருகால் ஒருவர்க்கும் மறுகால் மற்றவர்க்கும் செல்லும். தொடர்பு விட்டுவிட்டு அறும். காரணம் தேடுவோர் கம்பியையும் திசைவியையும் நொந்துகொள்வர். கே.வி.எம். கணினிகளில் பெரும்பாலும் 52:54:00 எனவும், வெர்ச்சுவல்பாக்சில் 08:00:27 எனவும் தொடங்கும் முகவரிகளின் எஞ்சிய பகுதி ஒவ்வொரு படிக்கும் புதிதாக ஆக்கப்படல் வேண்டும்.

எனவே, மெய்நிகர் கணினியை ஆக்குவோர் ஒவ்வொருவரும் விடைகூற வேண்டிய வினாக்கள் நான்கு. இக்கணினியை எவர் அணுகல் வேண்டும்? இஃது எவரை அணுகல் வேண்டும்? இதற்கு இடைமுகங்கள் எத்தனை, எவ்வகையின? இதன் முகவரி இதற்கே உரியதா? விடைகளை எழுதி வைத்தல் வேண்டும். பணி முடிந்த வாயிலை அன்றே அடைத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. பொறுப்புணர்ச்சி ஒன்றே போதும். பிறர் வைத்துப்போன கதவு திறந்துள்ளதா மூடியுள்ளதா என்றும் பாராமல் உறங்குபவன், அவ்வீட்டிற்கு உரியவன் அல்லன்; அதில் ஒண்டியிருப்பவனே ஆவான்.