கடைக் கம்ப்யூட்டரை மாற்றுவது தண்டச் செலவா?

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. குலசை தசராக் கூட்டம் வரத் தொடங்கும் வேளை அது. நெய்க்கும் பிஸ்கட்டுக்கும் புதிய விகிதத்தைப் பில்லில் ஏற்றுவதிலேயே நமது உறுப்பினர்கள் பலருக்கும் நாட்கள் ஓடிவிட்டன. பிறகு தீபாவளி வியாபாரம். இவ்விரண்டுக்கும் நடுவே, அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்த நெரிசலில் இதைக் கவனித்தவர் சிலரே. கவனித்தவர்களும், "ஓடுற மிஷினை எதுக்கு அண்ணாச்சி மாத்தணும்?" என்றே கேட்கிறார்கள்.

ஓடுகிறது, உண்மைதான். மின்னணுத் தராசும் சரியாகத்தான் எடை காட்டுகிறது. இருந்தும் ஆண்டுக்கொரு முறை முத்திரை போடுகிறோம். அங்கே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இங்கே கட்டாயப்படுத்த ஆளில்லை.

ஆதரவு நின்றது என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் மாதந்தோறும் ஏதேனும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்கள் இண்டர்நெட் வழியே இலவசமாக வந்துகொண்டிருந்தன. இனி விண்டோஸ் 10க்கு அவை தாமாக வாரா. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய விண்டோஸுக்கும் புதியதற்கும் உள்கட்டமைப்பில் பெரும்பகுதி பொதுவானது. ஆகவே விண்டோஸ் 11க்கு வரும் திருத்தத்தை ஆராய்ந்தே, பழையதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று திருடன் தெரிந்துகொள்ளலாம்.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலரைப் பிட்காயினாகக் கொடு என்று கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நமது பக்கத்து மாநிலமான ஆந்திராவில் காவல் துறைக் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். அடுத்த மாதமே இன்னொரு வைரஸ் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியதில், மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தும் சரக்குப் பெட்டக முனையமும் ஸ்தம்பித்தது. சரக்கு வந்துவிட்டது, எடுக்க முடியவில்லை.

போலீசுக்கும் துறைமுகத்துக்கும் நேர்ந்தது நமது சிறு கடைக்கு எதற்கு வரப்போகிறது என்று எண்ண வேண்டாம். இத்தகைய வைரஸ் ஆள் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் கதவைத் தேடித் தானே பரவுகிறது. நமது கம்ப்யூட்டரில் இருப்பதோ கடன் பாக்கி. எந்தக் கடை கருப்பட்டிக்கு எவ்வளவு தர வேண்டும், யார் பாதி கொடுத்தார் என்பதெல்லாம் பேரேட்டிலிருந்து அந்தப் பெட்டிக்குள் போய்ப் பல வருடமாகிறது. அது பூட்டிக்கொண்டால் பாக்கிக்காரர் சொல்வதே கணக்கு. மேலும், ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளைக் காட்டத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 7 வைத்திருப்போர் நிலை இன்னும் மோசம். அதற்கு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. 2023 தொடக்கத்தில் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டுவிட்டது. அந்த மிஷினில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நாம் ஒருக்காலும் ஆதரிக்க மாட்டோம்.

செலவு விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் 11 ஏற, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நல்ல நிலையிலுள்ள பெட்டிகளும் இதனால் தள்ளுபடியாவது நமக்கும் எரிச்சலையே தருகிறது. ஆனால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டி தகுதியுள்ளதானால், முறையான லைசென்ஸ் இருந்தால், மாற்றம் இலவசம். தகுதியில்லையேல், வணிகப் பயன்பாட்டுக்கு முதலாண்டு 61 டாலர் கட்டித் திருத்தங்களைத் தொடர்ந்து பெறலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்டணம் இரட்டிப்பாகும். மூன்றாண்டுக்கு மேல் அதுவும் கிடையாது. பழைய பெட்டிக்கு இவ்வளவு கொட்டுவதைவிடப் புதியது வாங்குவதே மேல் என்பது நமது கருத்து. அதற்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பூட்டு போட வந்தவனிடமே சாவியைக் கொடுத்த கதையாகிவிடும்.

எல்லா மிஷினையும் மாற்றச் சொல்லவில்லை. இண்டர்நெட் இணைப்பே இல்லாமல் பில் மட்டும் அடிக்கும் பெட்டி அப்படியே இருக்கட்டும். பென் டிரைவை மட்டும் கண்டபடி அதில் செருகாதீர்கள். வங்கி, ஜி.எஸ்.டி., ஈ-வே பில் பார்க்கும் மிஷினைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

மாற்றுமுன் கணக்கு முழுவதையும் ஒரு தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கடையில் அல்லாமல் வீட்டில், உயரமான இடத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

பண்டிகைக் காலத்தில் இவ்வேலையைத் தொட வேண்டாம். மார்ச் கணக்கு முடித்து, ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கும்போது செய்வதே வசதி. பழைய பில் பிரிண்டர் புதிய விண்டோஸில் வேலை செய்யுமா என்பதை வாங்குமுன் கடைக்காரரிடமே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பத்துக் கடைகள் சேர்ந்து கேட்டால் விலை இறங்கும் என்பதை மொத்த வியாபாரிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எந்தக் கடையில் எந்த விண்டோஸ், என்ன பிரிண்டர் என்ற பட்டியலைச் சங்கம் இப்போதே எடுக்கத் தொடங்கலாம்.