நாய்க்கு பிஸ்கட் சுடுறது ஓவரா?

போன லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப குக்கர்ல பிஸ்கட் சுட்டேன். எனக்கில்லைங்க, எங்க வீட்டு மணிக்கு. அந்த நேரம் பாத்து பெரியப்பா வந்தார். விஷயம் தெரிஞ்சதும் ஒரு சிரிப்பு. "மனுசனுக்கே விதவிதமா திங்க வழியில்ல, நாய்க்கு அடுப்பு வேற பத்த வைக்கணுமாக்கும்?"

அப்ப பதில் சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் யோசிச்சதுதான் இந்தக் கட்டுரை. :)

மணி ஒரு நாட்டு நாய். ஒன்பது வயசு. முன்னாடி எல்லாம் என் பஸ் தெருமுனைக்கு வந்தாலே மொட்டை மாடிக்கு ஓடி நின்னு குரைக்கும். இந்தத் தடவை படிக்கட்டுக்குக் கீழேயே உக்காந்து வாலை மட்டும் ஆட்டுச்சு. மேல ஏற முடியல. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். எடை 24 கிலோ. டாக்டர் மூட்டை அமுக்கிப் பாத்துட்டு, "இது 18 கிலோ இருக்க வேண்டிய உடம்பு. என்ன குடுக்கறீங்க?"ன்னு கேட்டார். அம்மா, "சோறுதான் சார், வேற என்ன"ன்னாங்க.

வேற என்னங்கறதை வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தேன். காலைல காபியோட ஆச்சி நாலு குளுக்கோஸ் பிஸ்கட். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது ரெண்டு. சாயங்காலம் அம்மா நாலு. ராத்திரி மறுபடி ஆச்சி நாலு. மொத்தம் 14. ஒருத்தர் குடுக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது. மணியும் காட்டிக் குடுக்காது.

இப்ப கணக்கைப் பாருங்க. ஒரு சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் சுமார் 20 கலோரி. 14 பிஸ்கட்னா 280. 18 கிலோவுக்கு இறங்க வேண்டிய ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கே சுமார் 600 கலோரிதான் தேவை. அதுல தின்பண்டம் பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுங்கறது கால்நடை மருத்துவர்கள் சொல்ற பொதுக் கணக்கு. அதாவது 60 கலோரி, மூணே மூணு பிஸ்கட். நாங்க பாசம்னு நினைச்சு மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் குடுத்து, அதோட முட்டியை ஒடிச்சிருக்கோம்.

நிறுத்திட்டா போச்சுன்னு நீங்க சொல்லலாம். ஆச்சிகிட்ட வந்து சொல்லிப் பாருங்க. வாசல்ல உக்காந்து மணி கையைப் பாத்துட்டே இருக்கும்போது வெறுங்கையைக் காட்ட அவங்களால முடியாது. அதனால குடுக்கறதை நிறுத்தாம, குடுக்கற பொருளை மாத்தலாம்னு முடிவு பண்ணினேன்.

முதல் தடவை பெரிய தப்பு பண்ண இருந்தேன். மாவு பிசைஞ்சு வச்சிருந்தேன். அம்மா, "கொஞ்சம் உலர்ந்த திராட்சை போடுடா, வாசனையா இருக்கும்"னாங்க. ஒரு கைப்பிடி போட்டுட்டேன். தட்டுல அடுக்கறதுக்கு முன்னாடி ஏதோ உறுத்தி, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எல்லாத்தையும் கொட்டிடு"ன்னார். திராட்சை, பச்சையோ காஞ்சதோ, நாயோட சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். இவ்வளவு தின்னா ஆபத்து, இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு நம்பிக்கையா ஒரு அளவும் கிடையாது. ஒண்ணும் ஆகாத நாயும் உண்டு, கொஞ்சத்துலயே போற நாயும் உண்டு. எத்தனை பொங்கலுக்கு மிச்சமான சர்க்கரைப் பொங்கலை திராட்சையோட மணிக்கு வச்சிருக்கோம்! அது இன்னும் உயிரோட இருக்கறது அதோட அதிர்ஷ்டம்.

திராட்சை மட்டுமில்ல. சாக்லேட்ல இருக்கற தியோபுரோமினை நாயோட உடம்பு ரொம்ப மெதுவாத்தான் கரைக்கும், அதனால இதயமும் நரம்பும் பாதிக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேக வச்சாலும் அந்தக் குணம் போகாது, அதனால மிச்சமான பிரியாணியும் ஆகாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கும். நமக்கு அது ஒண்ணும் பண்ணாது. நாய்க்கு ரத்தத்துல சர்க்கரை சடார்னு இறங்கிடும், கல்லீரலும் கெடலாம்.

இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயமே இருக்கு. நாய்க்குச் சமைக்கும்போது நம்ம நாக்கை அடுப்படிக்கு வெளியே வச்சுட்டு வரணும். நமக்கு இனிக்கறது, மணக்கறது, பாக்க அழகா இருக்கறதுதான் அதுக்குப் பிடிக்கும்னு நினைக்கறது பாசம் மாதிரி தெரியலாம். நிஜத்துல அது நம்ம ஆசைதான்.

சரி, இப்ப செய்முறை. ரெண்டு கப் கோதுமை மாவு. அரை கப் வேக வச்சு மசிச்ச மஞ்சள் பூசணி. ஒரு முட்டை. வறுத்துத் தோல் நீக்கி, உப்பு போடாம மிக்ஸியில அரைச்ச வேர்க்கடலை ரெண்டு ஸ்பூன். உப்பு, சர்க்கரை, சோடா எதுவும் வேண்டாம். தேவைக்குத் தண்ணி தெளிச்சு சப்பாத்தி மாவை விடக் கெட்டியா பிசைஞ்சு, தடிமனாத் தேய்ச்சு, சோடா பாட்டில் மூடியால வெட்டுங்க. ஓவன் இருந்தா 180 டிகிரியில அரை மணி நேரம். எங்க வீட்டுல ஓவன் இல்ல. பழைய குக்கர்ல தண்ணி விடாம ஒரு இஞ்ச் உப்பைப் பரப்பி, மேல ஸ்டாண்ட் வச்சு, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு மூடி, பத்து நிமிஷம் சூடாக்கினேன். அப்புறம் தட்டை உள்ள வச்சு சிறு தீயில 35 நிமிஷம். ஒரு தடவைக்கு முப்பது பிஸ்கட். நல்லா ஆறவிட்டு டப்பால போட்டு ஃபிரிட்ஜுல வச்சா ஒரு வாரம் தாங்கும். ஒண்ணு சுமார் 10 கலோரி. நீங்க கடிச்சுப் பாத்தா அட்டையைத் திங்கற மாதிரி இருக்கும். அப்படி இருந்தா சரியா வந்திருக்குன்னு அர்த்தம். :)

"நாய் மாமிசம் திங்கற ஜாதி, மாவு செரிக்குமா?"ன்னு ஹாஸ்டல் நண்பன் கேட்டான். செரிக்கும். 2013ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வு, மாவுச்சத்தை உடைக்கற மரபணுவின் நகல்கள் ஓநாயை விட நாய்க்கு அதிகமா இருக்குன்னு காட்டுச்சு. மனுசனோட சேர்ந்து வாழ்ந்து, நம்ம சோத்துக்குப் பழகின உடம்பு அது.

"கடையில நாய் பிஸ்கட்டே விக்குதே"ன்னு கேப்பீங்க. வாங்கலாம், தப்பில்ல. ஆனா பாக்கெட்டுல நாய் படம் இருக்கறதாலயே உள்ள இருக்கறது நல்லதுன்னு நம்பிடாதீங்க. 2007ல அமெரிக்காவுல நாய், பூனைத் தீவனம் தின்ன பிராணிகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துச்சு. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்துல மெலமைன் கலந்திருந்தாங்க. அதுல நைட்ரஜன் அதிகம், அதனால சோதனையில புரதம் கூடுதலா இருக்கற மாதிரி காட்டும். கோடிக்கணக்கான பாக்கெட்டைத் திரும்ப எடுத்தாங்க. நான் சுடறதுல நாலே பொருள், நாலையும் போட்டது நான்தான்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். இப்ப நாய்க்குப் பிறந்தநாள்னு க்ரீம் கேக் வெட்டி, தொப்பி மாட்டி போட்டோ எடுக்கறாங்க. அதைப் பாத்துத்தான் பெரியப்பா என்னையும் அந்த லிஸ்ட்ல சேர்த்துட்டார். எனக்கும் அந்தக் கேக் பிடிக்காது. அது போட்டோவுக்காகச் செய்யற கேக், அதைச் செரிக்க வேண்டியது மட்டும் நாய்.

இப்ப பெரியப்பாவுக்கு என் பதில். ஒரு மாசம் நாங்க வாங்கின குளுக்கோஸ் பிஸ்கட் காசை விட கோதுமை மாவும் பூசணியும் ஒண்ணும் அதிகம் ஆகல. அடுப்பு பத்த வைக்கறதுதான் ஆடம்பரம்னா, அது வாரத்துக்கு ஒரு மணி நேர ஆடம்பரம். ஒன்பது வருஷமா வாசலைக் காத்த ஜீவனுக்கு அந்த ஒரு மணி நேரம் அதிகமில்ல.

டப்பாவுல ஒரு நாளைக்கு ஆறுன்னு அம்மா எண்ணிப் போடறாங்க. ஆச்சிக்கு மூணு, மத்தவங்களுக்கு மூணு. முதல் வாரம் ஆச்சி முறைச்சாங்க, "இத்துனூண்டா?"ன்னு. மணிக்கு அந்தக் குறையே இல்ல. அதுக்கு வேண்டியது ஆச்சி கையிலிருந்து வரணும், அவ்வளவுதான்.

போன வாரம் போன்ல அம்மா சொன்னாங்க. மணி எடை 21. மொட்டை மாடிக்கு இன்னும் ஏறல. ஆனா பாதிப் படி வரைக்கும் ஏறி, அங்க உக்காந்து தெருவைப் பாக்குதாம்.