ஏலத்தில் போன வயல்

ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் நமது வீட்டுப் பெண்களுக்கு முதலில் வருவது வாசம்தான். நெய்ச்சோற்றுக்குப் போடும் ஏலம். ஆண்களுக்கு நினைவு வருவது மற்ற ஏலம்: ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூவி முடிக்கிற ஏலம். இம்மாதம் அந்த இரண்டாவது ஏலத்தைப் பற்றிப் பேசுவோம் சகோதரிகளே. அது ஆண்களின் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நமது கிழக்குப் பகுதியில் ஏலத்தில் போகும் வயல் பல சமயம் ஒரு பெண்ணின் சீதன வயலாக இருக்கும். கூட்டத்தில் அவளைத்தான் காணக் கிடைக்காது.

ஏலம் நமக்குப் புதியதல்ல. நேர்ச்சை வைத்த சேவல், தோட்டத்தில் முதல் காய்த்த பூசணி, ஒரு குலை தேங்காய் இவையெல்லாம் பள்ளிவாசல் முற்றத்தில் ஏலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். பொருளின் பெறுமதியைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டு ஒருவர் வாங்குவார். வாங்கிய சேவலை அங்கேயே திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்பவரும் உண்டு. எல்லோருக்கும் சிரிப்பு; பள்ளிக்குப் பணம். அது வியாபாரம் அல்ல, கொடை.

மார்க்கத்திலும் ஏலம் தடுக்கப்படவில்லை. அபூதாவூத், இப்னுமாஜா கிரந்தங்களில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு செய்தி இருக்கிறது. யாசகம் கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரின் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் நீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான். அவற்றைக் கொண்டுவரச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், சபையில் ஏலம் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் யார் என்று கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்தார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றதற்குக் கோடரி. கோடரிக்குக் காம்பு போட்டுக் கொடுத்தவர்களும் நாயகம் (ஸல்) அவர்களே. விறகு வெட்டப் போன மனிதர் பதினைந்து நாளில் பத்துத் திர்ஹத்தோடு திரும்பினார். அந்த ஏலம் முடிந்தபோது ஏழையின் கையில் ஒரு தொழில் கருவி இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெள்ளைக்காரர் காலத்து ஏலங்களைப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூர், செங்கலடி தாண்டி ஏறக்குறைய 16 கிலோமீற்றரில் வந்தாறுமூலை. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தால் பெயர் தெரியும் ஊர். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. ஆனால் அந்தப் பக்கத்து மக்களின் வாழ்வு வாவியோடும் வயலோடும் மாட்டுப் பட்டியோடும் கட்டுண்டது. ஏறாவூர் முஸ்லிம்களும் அயலூர்த் தமிழர்களும் வட்டையில் அடுத்தடுத்த வரம்புக்காரர்கள்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காணி, காடு, தரிசு எல்லாம் முடிக்குரியவை என்று ஊகித்துக்கொண்டது. சேனையும் அதில் அகப்பட்டது. அப்படிச் சேர்ந்த நிலத்தை அரசாங்கம் ஏலத்தில் விற்றது. ஏக்கருக்கு ஆரம்ப விலை 5 ஷில்லிங்; 1844இல் அது 20 ஷில்லிங் ஆயிற்று. மாடு மேய்ந்த தரைக்கும் பாட்டன் சேனை வெட்டிய காட்டுக்கும் ரொக்கம் வைத்திருந்தவரே சொந்தக்காரர். வாவிக்கரையில் ஐரோப்பியரின் தென்னந்தோட்டங்கள் எழுந்த காலமும் அந்த 1840களே. பயிரிடாத நிலம் எவருடையதும் அல்ல என்ற அந்த எண்ணத்துக்கு ஆயுள் நீளம். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பாற்பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

விளைச்சலும் ஏலம் போனது. நெல்லில் அரசாங்கத்துக்குப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு வரி. அதை வசூலிக்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விற்கும். கூடக் கேட்டவர் குத்தகைக்காரர். கொடுத்த காசை எடுக்காமல் அவர் விடுவாரா? வெட்டுவதற்கு முன் அவருக்கு அறிவிக்க வேண்டும். அவருடைய ஆள் வந்து பார்க்கும்வரை களத்துச் சூட்டில் கை வைக்கக் கூடாது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது ஆள் வரத் தாமதித்தால், பத்தில் ஒன்றுக்கு மேலே கொடுத்தாவது காரியத்தை முடிக்கத்தான் விவசாயி பார்ப்பான்.

பத்தில் ஒன்று என்றதும் உங்களுக்கு உஷ்ர் ஞாபகம் வந்திருக்கும். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, பாடுபட்டு நீர் இறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று. இமாம்களில் பெரும்பாலோர் கருத்துப்படி ஐந்து வஸக்குக்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. அறுவடையன்று உள்ளதிலிருந்து கொடுப்பது அது, விளையாததற்குக் கணக்கில்லை. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

1878இல் வந்த தானிய வரிச் சட்டம் குத்தகை ஏலத்தின் இடத்தில் வருடாந்தக் காசு வரியைக் கொண்டுவந்தது. நல்லது நடந்தது போலத் தோன்றும். ஆனால் வானம் பொய்த்த வருடத்திலும் காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வயலே ஏலம். நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனையில் 1880களில் நடந்தது இதுதான். அற்ப வரிப் பாக்கிக்காக வயல்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போயின. பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் பலர். அங்கு உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் என்ற ஆங்கிலேயர் இந்த அவலத்தை எழுதி மேலிடத்தின் கோபத்தைத் தேடிக்கொண்டார். (பின்னாளில் அவர் இஸ்லாத்தில் சேர்ந்தார். அதற்குள் ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. அது வேறொரு மாதத்துக்கு.) இங்கிலாந்து வரை இந்த விஷயம் பேசப்பட்டு, 1892இல் நெல்வரி ஒழிந்தது. விற்ற வயல் திரும்பி வரவில்லை.

வயல் மிஞ்சியவனுக்கும் மாடு போனால் வயல் இருந்து பயனில்லை. அக்காலத்தில் மட்டக்களப்பு வட்டைகளில் எருமை மிதித்துத்தான் சேறாகும். எருமை மிதித்துத்தான் சூடும் அடிபடும். பட்டி இல்லாதவன் பட்டிக்காரனிடம் கூலிக்கு எடுக்க வேண்டும்; கூலி நெல்லாகப் போகும். ஆகவே கடனுக்கு ஒரு சோடி மாட்டைப் பிடித்து ஏலம் விடுவது, அடுத்த போகத்தையும் சேர்த்து ஏலம் விடுவதாகும். இதை அந்த ஆட்சியின் சட்டமே ஒருவகையில் ஒப்புக்கொண்டது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 218ஆம் பிரிவு, நீதிமன்றக் கடனுக்காகப் பறிமுதல் செய்யக் கூடாத பொருட்களைச் சொல்கிறது. உடுக்கும் உடை, தொழில் கருவிகள், விவசாயியானால் உழவுக் கருவிகள், அவன் பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகள், விதைநெல். அந்தச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையில் உள்ளது. மதீனாவின் அந்தக் கோடரியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது நமது விஷயம். கிழக்கில் வீடும் வளவும் வயலும் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வேரூன்றிய வழக்கம். உறுதி பெண் பெயரில் இருக்கும். அலுமாரித் திறப்பு ஆணிடம் இருக்கும். விதைப்புக் காலத்தில் கடன், உரத்துக்குக் கடன், மாப்பிள்ளையின் கடைக்குக் கடன். ஈட்டு உறுதியில் இங்கே ஒரு கையொப்பம் வை என்பார்கள். வாசித்துப் பார்க்கிறேன் என்றால் நம்பிக்கை இல்லையா என்பார்கள். நம்பிக்கை வேறு, உறுதியை வாசிப்பது வேறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளும்படி அல்-பகராவின் 282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிடுவது நம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான்.

கணவனின் கடனுக்காக, மனைவி ஈடு வைக்காத, அவள் பெயரிலுள்ள வயலைப் பிஸ்கால் பறிமுதல் செய்தால் அவளுக்கு வழி உண்டு. அதே சட்டக்கோவையின் 241ஆம் பிரிவின்படி, இது என் சொத்து என்று நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். ஏலத்துக்கு முன்னரே, தாமதமின்றிக் கோர வேண்டும். உறுதி கையில் இருந்தால் வேலை சுலபம். அவளே ஈட்டு உறுதியில் கையொப்பம் வைத்திருந்தால் இந்தக் கோரிக்கை நிற்காது. அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்து, அதைக்கொண்டு வேறொருவர் ஈடு வைத்திருந்தாலும் அநேகமாக அதே கதைதான்.

வங்கி ஈடு இன்னும் கடினம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வழக்கு வைக்காமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. 2024இல் சிறிது காலம் அதை நிறுத்திவைத்தார்கள். அத்தகைய ஏல அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும். பத்திரிகையில் காணியின் பெயர், விஸ்தீரணம், நாலு எல்லை எல்லாம் சிறிய எழுத்தில் நெருக்கி அச்சிட்டிருப்பார்கள். ஆகவே உறுதியிலுள்ள உங்கள் வயலின் பெயரும் எல்லைகளும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வடக்கே யாருடைய காணி, கிழக்கே வாய்க்காலா வரம்பா என்று இன்று மஃரிபுக்குப் பிறகு உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் உம்மம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.