இழுக்கு

'இழுக்கு' என்ற சொல்லுக்கு இன்றைய வழக்கில் பெரும்பாலும் ஒரு பொருள்தான் மிஞ்சியிருக்கிறது: மானக்கேடு. குடும்பத்துக்கு இழுக்கு, பதவிக்கு இழுக்கு என்பார்கள். சொல் பிறந்த இடம் அதுவன்று. வழுக்குதல், கால் நழுவுதல் என்பதே அதன் பழம்பொருள். அங்கிருந்து அது கவனம் தப்பி நேரும் தவற்றுக்குப் பெயராயிற்று.

அந்த நகர்வு முழுவதையும் திருக்குறள் ஒன்றிலேயே காணலாம். கேள்வி அதிகாரத்தில், 415ஆம் குறளில், 'இழுக்கல் உடையுழி' என்பது வழுக்கு நிலம். நடப்பவருக்கு அங்கே ஊன்றுகோல் வேண்டும். 127ஆம் குறளில் நழுவுவது நா. அதனால் விளைவது 'சொல்லிழுக்கு'. பொச்சாவாமை, அதாவது மறவாமை, அதிகாரத்துக்கு வரும்போது நழுவுவது மனம். வரப்போகும் துன்பத்தை முன்னறிந்து காக்காமல் இருந்துவிட்டவனை 535ஆம் குறள் 'இழுக்கியான்' என்கிறது. உரையாசிரியர் பரிமேலழகர் அதை மறதியாகவே கொள்கிறார்.

அதே குறளில் 'பிழை' என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நழுவும்போது அது இழுக்கு. நழுவுகிறவனுக்கு அப்போது அது தெரிவதில்லை. ஊறு வந்தபின் திரும்பிப் பார்த்து அவன் வருந்தும்போது அதற்குப் பெயர் பிழை. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை இன்றைய உரைநடை கைவிட்டுவிட்டது பெரிய இழப்பு. 'தவறு' என்று பொதுப்படச் சொல்கிறது. துல்லியம் வேண்டுமானால் 'கவனக்குறைவு' என்று கூட்டுச்சொல் கட்டுகிறது.

மானக்கேடு என்ற பொருளுக்கும் குறளிலேயே வழி இருக்கிறது. 133ஆம் குறளில் ஒழுக்கத்துக்கு எதிராக 'இழுக்கம்' வருகிறது. நடத்தையில் வழுக்கினால் ஊர் பார்க்கும். ஊர்ப் பார்வையின் கனம் கூடக் கூட, கவனம் நழுவிய கணம் சொல்லிலிருந்து மறைந்திருக்க வேண்டும்.

இழுக்கு விட்டுச் சென்ற இடத்தில் பெரும்பகுதியை 'வழு' எடுத்துக்கொண்டது. அதுவும் வழுக்குதலோடு உறவுடைய சொல்தான். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று இலக்கண நூலான நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்கிறது. மென்பொருளில் புகும் பிழைக்குப் பெயர் தேடிய கணினித் தமிழ் ஆர்வலர்களும் 'வழு'வையே எடுத்தாண்டனர். நல்ல தேர்வு அது.

பேச்சுத் தமிழில் பழைய படிமம் அழியவில்லை. கொட்டிய பாலுக்குக் 'கை தவறிவிட்டது', சொல்லக் கூடாததைச் சொன்னதற்கு 'வாய் தவறி வந்துவிட்டது', கணக்கில் எண் மாறியதற்குக் 'கைப்பிசகு' என்கிறார்கள். மூன்றிலும் நழுவுவது உறுப்பு. ஆள்மீது குற்றம் ஏற்றப்படுவதில்லை.