பட்ஜெட் குறையவில்லை, பிறகு ஏன் ஆய்வகங்கள் தவிக்கின்றன? அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சி நிதியில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் பயோமெடிக்கல் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறதா? உங்கள் கல்லூரி நண்பர்கள் யாராவது பாஸ்டனிலோ பால்டிமோரிலோ போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராக இருக்கிறார்களா? அப்படியென்றால் 2025 தொடக்கத்திலிருந்து 'என்ஐஎச்' என்ற பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். நிதி வெட்டு, வேலை நீக்கம், நீதிமன்ற வழக்கு என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆனால் தலைப்பில் வரும் எண்ணை மட்டும் பார்த்தால் குழப்பமாக இருக்கும். 2026 நிதியாண்டுக்கு என்ஐஎச் பட்ஜெட்டை சுமார் 4,700 கோடி டாலரிலிருந்து 2,750 கோடி டாலராகக் குறைக்க டிரம்ப் அரசு கேட்டது. கிட்டத்தட்ட 40 சதவீத வெட்டு. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 2026 பிப்ரவரியில் சட்டமான பட்ஜெட்டில் சுமார் 4,870 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. வெட்டு இல்லை, சிறிய உயர்வுதான்.

"பணம்தான் குறையலையே, அப்புறம் என்ன பிரச்சனை?" என்று கேட்கலாம். பிரச்சனை தொகையில் இல்லை. அந்தப் பணத்தை யாருக்கு, எப்படி, எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்ற விதிகளில் இருக்கிறது.

என்ஐஎச் ஏன் இவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் என்பதன் சுருக்கம்தான் என்ஐஎச். மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் தலைமையகம். புற்றுநோய், இதயம், தொற்றுநோய், மனநலம் என 27 நிறுவனங்களும் மையங்களும் அதன்கீழ் இயங்குகின்றன. பொது நிதியில் மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவிடும் அமைப்புகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

இதன் பணத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளியே போகிறது. 2,500-க்கும் அதிகமான பல்கலைக்கழகங்கள், மருத்துவக் கல்லூரிகள், ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களுக்கு அது கிராண்ட்டாகப் போய்ச் சேர்கிறது.

2010 முதல் 2019 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற 356 புதிய மருந்துகளை எடுத்து 2023-ல் ஓர் ஆய்வு அலசியது. அதில் 354 மருந்துகளுக்குப் பின்னால் என்ஐஎச் பணத்தில் நடந்த ஆராய்ச்சி ஏதோ ஒரு கட்டத்தில் இருந்தது. மருந்தை விற்பது தனியார் கம்பெனிதான். ஆனால் அந்த நோய் உடலில் எப்படி வேலை செய்கிறது, அதை எந்த இடத்தில் தடுக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்கும் அடிப்படை வேலைக்குப் பணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

விதி 1: மறைமுகச் செலவுக்கு 15 சதவீத உச்சவரம்பு

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. மறைமுகச் செலவாக இனி 15 சதவீதம்தான் தருவோம் என்று என்ஐஎச் அறிவித்தது. திங்கள்கிழமையே அமல் என்றது.

மறைமுகச் செலவு என்றால் என்ன? ஐடி துறையில் இருப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு டெவலப்பருக்கு கிளையன்ட்டிடம் வாங்கும் பில்லிங் ரேட்டில் அவருடைய சம்பளம் மட்டுமா இருக்கும்? ஆபீஸ் வாடகை, கரண்ட், செக்யூரிட்டி, ஹெச்ஆர் எல்லாமே அதில் அடக்கம். ஆய்வகமும் அப்படித்தான். ஆய்வாளர் சம்பளமும் ரசாயனங்களும் நேரடிச் செலவு. கட்டடம், மின்சாரம், அபாயகரமான கழிவை அகற்றுவது, நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு போன்றவை மறைமுகச் செலவு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசுடன் பேசி தன் விகிதத்தை முடிவு செய்துகொள்ளும். ஹார்வர்டுக்கு இது 69 சதவீதம், யேலுக்கு 67.5 சதவீதம்.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். 60 சதவீதம் என்றால், கொடுக்கும் 100 டாலரில் 60 டாலர் கட்டடத்துக்குப் போகிறது என்று அர்த்தமில்லை. நேரடிச் செலவு 100 டாலர் என்றால் அதற்கு மேல் 60 டாலர். மொத்தம் 160. அதில் மறைமுகச் செலவின் பங்கு 37.5 சதவீதம்தான். உச்சவரம்பு வந்தால் 160 டாலர் 115 ஆகும். மீதி 45 டாலரைப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போட வேண்டும்.

அரசுத் தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கு. என்ஐஎச் கணக்குப்படி 2023 நிதியாண்டில் வெளியே கொடுத்த 3,500 கோடி டாலரில் 900 கோடி டாலர் மறைமுகச் செலவுக்குப் போனது. கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு 10 சதவீதம்தான் தருகிறது. அரசு மட்டும் ஏன் அள்ளிக் கொடுக்கணும் என்கிறார்கள். புதிய விதியால் ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்றது என்ஐஎச். அறக்கட்டளைகள் சில செலவுகளை நேரடிச் செலவிலேயே சேர்த்துக்கொள்ள விடுகின்றன, அதனால் இரண்டையும் ஒப்பிட முடியாது என்பது பல்கலைக்கழகங்களின் பதில்.

22 மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பாஸ்டன் ஃபெடரல் நீதிபதி ஏஞ்சல் கெல்லி முதலில் இடைக்காலத் தடையும் ஏப்ரலில் நிரந்தரத் தடையும் விதித்தார். 2026 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காரணம், பட்ஜெட் சட்டத்தில் இருக்கும் ஒரு சிறிய பிரிவு. டிரம்ப் தன் முதல் ஆட்சியில், 2017-ல், இதே செலவை 10 சதவீதமாகக் குறைக்கப் பார்த்தார். அப்போது நாடாளுமன்றம் 'இந்த விகிதங்களில் என்ஐஎச் கைவைக்கக் கூடாது' என்று எழுதிச் சேர்த்தது. ஆண்டுதோறும் அந்தப் பிரிவு தொடர்கிறது.

விதி 2: மொத்தப் பணமும் முதல் ஆண்டிலேயே

அதிகம் பேசப்படாத மாற்றம் இது. ஆனால் இளம் ஆய்வாளர்களை நேரடியாகத் தாக்குவது இதுதான்.

வழக்கமாக 5 ஆண்டு கிராண்ட் என்றால், ஒவ்வொரு ஆண்டின் தவணையும் அந்தந்த ஆண்டு பட்ஜெட்டிலிருந்து வரும். 2025 கோடையில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் இதை மாற்றச் சொன்னது. மீதமிருந்த நிதியில் பாதியை, முழுத் தொகையையும் முன்கூட்டியே தரும் கிராண்ட்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். புதிய கிராண்ட்களுக்கு 1 கோடி டாலர் இருக்கிறது. ஒரு கிராண்ட்டுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர், 5 ஆண்டுகளுக்கு. பழைய முறையில் 20 பேருக்குக் கொடுக்கலாம். பாதிப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்தால்? பழைய முறையில் 10 பேர், புதிய முறையில் 2 பேர். ஆக 12 பேர்தான். செலவான தொகை அதே 1 கோடி. ஆனால் 8 ஆய்வகங்கள் வெளியே.

சில ஆண்டுகள் கழித்து இந்தக் கணக்கு சமநிலைக்கு வந்துவிடும், உண்மைதான். ஏனென்றால் பழைய கிராண்ட்களுக்கான தவணைச் சுமை மெல்லக் குறையும். ஆனால் நடுவில் வரும் அந்தச் சில ஆண்டுகளில் முதல் கிராண்ட்டுக்காகக் காத்திருக்கும் 35 வயது ஆய்வாளர் என்ன செய்வார்? துறையை விட்டே போய்விடலாம்.

இதன் விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 2024-ல் தரவரிசையில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்த விண்ணப்பங்களுக்கு நிதி கிடைத்தது. 2025-ன் பிற்பகுதியில் அந்த எல்லை 4 சதவீதமானது. 2026 பட்ஜெட் சட்டம் இந்த முன்பண முறைக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

விதி 3: பாதியில் ரத்து

2025 தொடக்கத்திலிருந்து, பன்மைத்துவம், பாலின அடையாளம் போன்ற தலைப்புகளோடு தொடர்புடையவை என்று சொல்லி, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பல கிராண்ட்களை என்ஐஎச் ரத்து செய்தது. ஜூனில் நீதிபதி வில்லியம் யங், இது சட்டவிரோதம் என்றார். ஆகஸ்ட் 21-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், சுமார் 78.3 கோடி டாலர் மதிப்புள்ள ரத்துகளைத் தொடர அனுமதித்தது. பணம் வேண்டும் என்பவர்கள் வேறொரு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றது.

ஒரு மருத்துவ ஆய்வு பாதியில் நின்றால் மிச்சமாவது மீதிப் பணம் மட்டும்தான். அதுவரை செலவழித்த பணமும், நோயாளிகள் கொடுத்த நேரமும் வீண்.

நமக்கு என்ன?

முதலாவது, காசநோய். இந்தியாவின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் என்ஐஎச்சும் சேர்ந்து நிதி தரும் 'ரிப்போர்ட் இந்தியா' ஆய்வுக் கூட்டமைப்பில் வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை பங்கேற்றிருக்கின்றன. 2025 மே மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் கிராண்ட்டில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குத் தரும் முறையை என்ஐஎச் நிறுத்தியது. பணம் எங்கே போகிறது என்பதைக் கண்காணிக்கப் புதிய முறை வரும் என்றது. அமெரிக்கக் கூட்டாளி வழியாகப் பணம் வாங்கும் எந்த வெளிநாட்டு ஆய்வுக்கும் இது நேரடிக் கேள்வி.

இரண்டாவது, மாணவர்கள். 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, ஏற்கெனவே கொடுத்த பிஎச்டி இடங்களையே திரும்பப் பெற்றது. 15 சதவீத விதிக்கு அப்போது நீதிமன்றத் தடை இருந்தது என்பதைக் கவனியுங்கள். நிதி வருமா வராதா என்று தெரியாத நிலையே இடங்களைக் காலி பண்ணப் போதுமானதாக இருந்தது.

விண்ணப்பிக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

அட்மிஷன் கடிதம் வந்ததும் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். ஸ்டைப்பெண்ட் வழிகாட்டியின் கிராண்ட்டிலிருந்து வருகிறதா, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்தா? அந்த கிராண்ட் எந்த ஆண்டு முடிகிறது? நடுவில் ரத்தானால் எத்தனை மாதத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்கும்? இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை 'அமெரிக்கா ஆராய்ச்சி நிதியைக் கூட்டியது' என்றோ 'குறைத்தது' என்றோ தலைப்பு வந்தால், மொத்தத் தொகையோடு நிறுத்தாதீர்கள். அந்த ஆண்டு எத்தனை புதிய கிராண்ட் கொடுத்தார்கள், நூறு விண்ணப்பத்தில் எத்தனை தேறியது என்று பாருங்கள். ஒரு ஆய்வகம் திறந்திருக்குமா, மூடுமா என்பது அந்த எண்களில்தான் தெரியும்.